கொழும்பு வெக்கையில் நுரைக்கும் பானங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் ஈஸ்ட் பற்றிய குறிப்பில், வெளிநாடுகளில் பலர் வீட்டிலேயே சிறு அளவில் பியர் தயாரிக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் விவரமாக எழுதப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மெல்பேர்னில் இருக்கும் என் தம்பி, தன் வீட்டுக் கராஜில் இருபது லீற்றர் பியர் தயாரித்து நண்பர்களுக்கும் கொடுக்கிறார். மோல்ட் (முளைவிட்டு உலர்த்திய தானியம்) சாறு, ஹொப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), ஈஸ்ட் அடங்கிய பெட்டி ஒன்றை எனக்கும் அனுப்புவதாகச் சொல்கிறார். விற்கும் எண்ணம் இல்லை. வீட்டுப் பாவனைக்கு மட்டுமே. இங்கே செய்யலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

செய்ய வேண்டாம். இலங்கையில் மதுபானத் தயாரிப்பை 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது அச்சட்டத்தின்படி குற்றம். வீட்டுப் பாவனைக்குத்தான் என்ற காரணம் அந்த அனுமதிப்பத்திரத்தின் தேவையை இல்லாமலாக்கிவிடாது. உங்கள் தம்பி இருக்கும் நாட்டில் சொந்தப் பாவனைக்குப் பியர் தயாரிக்க அனுமதி தேவையில்லை என்றாலும், அங்கேயும் அதைக் காய்ச்சி வடித்தால் குற்றம்தான்.

இந்தச் சுதந்திரம் மற்ற நாடுகளுக்கும் வெகுகாலமாக இருந்ததன்று. பிரித்தானியாவில் வீட்டுப் பியருக்கான அனுமதிப்பத்திர முறை 1963 இல்தான் நீக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1978 இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தின் மூலம்தான் கூட்டரசு மட்டத்தில் வீட்டுப் பியர் குற்றமற்றதாகியது. அதற்குப் பின்னரும் சில மாநிலங்கள் பல ஆண்டுகள் தடையை வைத்திருந்தன. நம் சட்டமும் ஒருநாள் மாறலாம். மாறும்வரை பெட்டியை அனுப்ப வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் பியர் எப்படி உண்டாகிறது என்பதை அறிந்துகொள்ளத் தடையில்லை. பிள்ளைகளும் சகோதரர்களும் வெளிநாடுகளில் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அவர்களுக்குப் பயன்படும் விடயங்களைக் கீழே தனியாகவும், இங்கே நம் அடுக்களையில் செய்யக்கூடியவற்றைத் தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

அம்மா செய்யும் இஞ்சி பியரை நானும் செய்து பார்க்கிறேன். இணையத்தில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி கொடுத்த செய்முறையில் போத்தலில் அடைத்து ஐந்து நாள் வெளியே வைக்கச் சொல்லியிருந்தது. மூன்றாம் நாள் இரவு ஒரு கண்ணாடிப் போத்தல் வெடித்து, அலுமாரிக் கதவில் துண்டுகள் குத்தி நின்றன. மற்றவற்றைத் திறக்கவே பயமாக இருந்தது. எங்கே பிழை?
– வாசகி, கொட்டாஞ்சேனை

யாருக்கும் காயம் படாதது பெரிய ஆறுதல். உங்கள் கையில் பிழை இல்லை. அந்தச் செய்முறை கொழும்புக்கு எழுதப்பட்டதன்று. இங்கிலாந்தின் அடுக்களை பதினெட்டுப் பாகைக்கு அருகில் இருக்கும்போது, கொட்டாஞ்சேனையின் அடுக்களை பகலில் முப்பது பாகையைத் தாண்டுகிறது, இரவிலும் அதிகம் இறங்குவதில்லை. அங்கே ஐந்து நாளில் ஈஸ்ட் செய்யும் வேலையை இங்கே ஒன்றரை நாளில் செய்து முடித்துவிடும்.

போத்தலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். ஈஸ்ட் சீனியை உண்டு, ஏறத்தாழப் பாதியை எதனோலாகவும் பாதியைக் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. ஒரு லீற்றர் பானத்தில் 4 கிராம் சீனி நொதித்தால், அந்தப் பானத்தின் கனவளவுக்குச் சமமான, அதாவது ஒரு லீற்றர் வாயு உண்டாகும். சாதாரண பியரில் இருப்பது இதைப்போல் இரண்டரை மடங்கு வாயுதான். பியர்ப் போத்தல்களும் ஏறக்குறைய அந்த அளவை மனதில் வைத்தே வார்க்கப்படுகின்றன. நீங்கள் லீற்றருக்கு 100 கிராம் சீனி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது முழுவதும் மூடிய போத்தலுக்குள் நொதித்தால் உண்டாகும் வாயு 25 லீற்றர். எந்தக் கண்ணாடியும் அதைத் தாங்காது. வெப்பம் கூடக் கூட வாயு திரவத்தில் கரைந்திருக்க மறுத்து மேலே வந்து அழுத்துவதால், வெக்கையான அலுமாரிக்குள் ஆபத்து இன்னும் கூடுகிறது.

ஆகவே இஞ்சி பியரில் சீனி தீரும்வரை காத்திருக்கக் கூடாது. கொஞ்சம் நொதித்தவுடன் குளிரில் வைத்து ஈஸ்ட்டை உறங்கச் செய்ய வேண்டும். மீதிச் சீனி இனிப்பாக நிற்கும்.

இரண்டு லீற்றருக்கான அளவைச் சொல்கிறேன். நூறு கிராம் இஞ்சியைக் கழுவித் தோலுடன் இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் கால் மணித்தியாலம் கொதிக்கவிடுங்கள். இறக்கி 180 கிராம் சீனியைக் கரைத்து, கொதித்தாறிய தண்ணீர் இன்னொரு லீற்றர் சேர்த்து, கையால் தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு ஆறவிடுங்கள். அவசரப்பட்டுச் சூட்டிலேயே ஈஸ்ட்டைப் போட்டால் அது இறந்துவிடும். ஆறியபின் இரண்டு தேசிக்காயின் சாற்றையும், பாண் செய்யப் பயன்படும் உலர் ஈஸ்ட்டில் கால் தேக்கரண்டியையும் கலந்து, பாத்திரத்தின் வாயை மெல்லிய துணியால் கட்டி வையுங்கள். ஆறேழு மணித்தியாலத்தில் ஓரமாகச் சிறு குமிழிகள் வரிசைகட்டும். மேலே இஞ்சித் தும்புகளைத் தூக்கிக்கொண்டு வெளிர் நுரை படியும். அந்த நிலையில் வடித்து, மேலே மூன்று விரல் இடம் விட்டுப் போத்தலில் ஊற்றுங்கள்.

போத்தல் கட்டாயமாகச் சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலாக இருக்கட்டும். தண்ணீர் வந்த மெல்லிய போத்தல் உதவாது. கண்ணாடி வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கில் உள்ள வசதி என்னவென்றால், உள்ளே எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்பதை விரலால் அழுத்தியே அறியலாம். ஊற்றும்போது போத்தல் குழைந்துகொடுக்கும். மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கடையில் வாங்கும், இன்னும் திறக்காத சோடாப் போத்தலின் இறுக்கம் வந்த உடனேயே, நள்ளிரவானாலும், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். கொழும்பில் இதற்குப் பெரும்பாலும் அரை நாள் முதல் ஒரு நாள் வரை போதும். பெட்டிக்குள்ளும் நொதித்தல் மெதுவாகத் தொடரும் என்பதால் ஒரு கிழமைக்குள் குடித்து முடியுங்கள். மின்சாரம் நீண்ட நேரம் தடைப்பட்டால் மூடிகளைச் சற்றே தளர்த்தி வாயுவை வெளியேற்றுங்கள்.

அம்மா ஈஸ்ட் வாங்காமல், ‘இஞ்சிச் செடி’ என்று ஒன்றைச் சாடியில் வளர்த்துவந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது செடியன்று, ஈஸ்ட்டும் பற்றீரியாவும் ஒன்றையொன்று அண்டி வாழும் ஒரு கூட்டம். அதை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1892 இல் விரிவாக எழுதியவர் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர். இதே வார்ட் 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி, நம் மலையகத்தின் கோப்பிப் பயிரை அழித்த இலைத் துரு நோய் ஒரு பூஞ்சணத்தால் பரவுகிறது என்பதை ஆராய்ந்தவர். கோப்பி அழிந்து தேயிலை வந்ததும், அதையொட்டி மலையகத் தமிழரின் வாழ்க்கை அமைந்ததும் நாம் அறிந்த வரலாறு. அந்த நோயைத் தோட்டங்களில் நின்று ஆராய்ந்த அதே மனிதர் பின்னாளில் இஞ்சி பியர்ச் சாடியையும் ஆராய்ந்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

வீட்டில் செய்யும் இஞ்சி பியரைச் சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, தெஹிவளை

கடையில் வாங்கும் இஞ்சி பியர், வாயு ஏற்றிய மென்பானம். வீட்டில் ஈஸ்ட் போட்டுச் செய்வதில், மேலே சொன்னபடி விரைவாகக் குளிரில் வைத்தாலும், அரை வீதம் முதல் ஒரு வீதம் வரை மதுசாரம் இருக்கும். கூடுதலாக விட்டால் அதுவும் கூடும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், சமய நெறியின்படி மதுவை முற்றாக விலக்கியவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. விருந்தினருக்குக் கொடுக்கும்போது இது நொதித்த பானம் என்று சொல்லிக் கொடுப்பது கடமை. இஞ்சி பியர் என்ற பெயரில் வாரக்கணக்கில் விட்டு மதுசாரத்தைக் கூட்டினால், முதற் பதிலில் சொன்ன சட்டத்துக்குள் போய்விடுவீர்கள். பிள்ளைகளுக்கென்றால் இஞ்சியும் தேசிக்காயும் சேர்த்த பாகைக் காய்ச்சி வைத்துக்கொண்டு, வேண்டும்போது சோடாவில் கலந்து கொடுங்கள். சுவையில் பெரிய வேறுபாடு தெரியாது.

பாண் ஈஸ்ட்டும் பியர் ஈஸ்ட்டும் ஒன்றா? அப்ப மாவுக்குக் கள்ளு ஊற்றுகிறோமே, அதில் இருப்பதும் இதுதானா?
– வாசகர், பம்பலப்பிட்டி

இனம் ஒன்றுதான். பாண், ஏல் வகைப் பியர் (அதிகம் குளிரூட்டாமல் நொதிக்கவிடும் வகை), வைன் எல்லாவற்றிலும் வேலை செய்வது சக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஒரே இனம். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் வெவ்வேறு வேலைக்குத் தேர்ந்து வளர்க்கப்பட்டதால் குணம் வேறுபட்டுவிட்டது. பாண் ஈஸ்ட்டிடம் எதிர்பார்ப்பது விரைவாக வாயு தருவதை மட்டுமே. பியர் ஈஸ்ட்டிடம் நல்ல மணத்தையும், வேலை முடிந்தபின் அடியில் இறுகப் படிந்து பானத்தைத் தெளியவிடுவதையும் எதிர்பார்க்கிறார்கள். ஒரு கிழமைக்குள் குடித்து முடிக்கும் இஞ்சி பியருக்குப் பாண் ஈஸ்ட் தாராளமாகப் போதும்.

கள்ளில் இருப்பது தனியொரு ஈஸ்ட்டன்று. பாளையிலிருந்து முட்டியில் சொட்டும்போதே காற்றிலும் முட்டியிலும் இருக்கும் பல ஈஸ்ட்டுகளும், லக்டிக் அமிலம் தரும் பற்றீரியாக்களும், சைமோமோனாஸ் என்ற, தானே மதுசாரம் தரும் ஒரு பற்றீரியாவும் கூட்டாக இறங்கிவிடுகின்றன. அதனால்தான் காலையில் இனித்த கள் மாலையில் புளிக்கிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இவை தலையெடுக்க முடியாமல் கருப்பநீர் கருப்பநீராகவே இருக்கிறது. கள்ளு ஊற்றிய அப்பத்தின் அந்த இலேசான புளிப்பு ஈஸ்ட் பொதியில் கிடைக்காததற்கும் காரணம் இந்தப் பற்றீரியாக்களே. இஞ்சி பியருக்குக் கள்ளை ஊற்றலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். எவ்வளவு வேகத்தில் நொதிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத எதையும் மூடிய போத்தலில் அடைப்பது ஆபத்து.

கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன்; விடுமுறைக்கு வெள்ளவத்தையில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கும்போது உங்கள் பகுதியைப் படித்தேன். அங்கே தொடர்மாடி வீட்டில் ஐந்து லீற்றர் அளவில் பியர் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் பச்சை அப்பிள் மணமும், தொண்டையில் தின்னர் போல ஒரு காரமும் வருகின்றன. ஐந்தாம் நாள் குமிழி நின்றதும் போத்தலில் அடைக்கிறேன். குளிர்காலம் என்பதால் வாளியைச் சூடாக்கிக்கு அருகில் வைக்கிறேன். என்ன செய்யலாம்?
– வாசகர், ஸ்காபரோ

நோயையும் காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். இரண்டு மணங்களுக்கும் இரண்டு தனித்தனிக் காரணங்கள்.

தின்னர் போன்ற காரம் வெப்பத்தால் வருகிறது. ஏல் ஈஸ்ட்டுக்கு உகந்தது 18 முதல் 20 பாகை. நொதிக்கும்போது ஈஸ்ட் தானும் வெப்பத்தை வெளிவிடுவதால், வாளிக்குள் இருக்கும் திரவம் அறையைவிட இரண்டு மூன்று பாகை கூடுதலாகவே இருக்கும். சூடாக்கிக்கு அருகில் 24 பாகை என்றால் உள்ளே 27 இருக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் எதனோலோடு கனமான அற்ககோல்களையும் உண்டாக்கிவிடுகிறது. அவைதான் தொண்டையைச் சுடுகின்றன. ஒருமுறை வந்துவிட்டால் அவை வைத்திருப்பதால் போகா. வாளியைச் சூடாக்கியிலிருந்து எடுத்து, குளிர்ந்த சுவரோரம், ஓர் அகன்ற தட்டில் தண்ணீர் விட்டு அதற்குள் வைத்து, ஈரத் துவாயைச் சுற்றிவிடுங்கள். முதல் மூன்று நாட்கள்தாம் முக்கியம், மணம் அப்போதுதான் தீர்மானமாகிறது. ஈஸ்ட்டைப் போடும் நேரத்திலும் திரவம் 20 பாகைக்கு ஆறியிருக்க வேண்டும். ஐந்து லீற்றர்ப் பாத்திரத்தை மூடியுடன் பனிக்கட்டித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினால் அரை மணித்தியாலத்தில் ஆறிவிடும். சிறு அளவில் செய்வதன் பெரிய நன்மையே இதுதான். இருபது லீற்றரை ஆறவைக்கச் செப்புச் சுருள் குழாய் தேவைப்படும்.

பச்சை அப்பிள் மணம் அசற்றல்டிகைட்டு என்ற பொருளின் மணம். சீனியிலிருந்து எதனோல் உண்டாகும் வழியில் இது இடையில் தோன்றும். பொறுத்திருந்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்து எதனோலாக்கிவிடும். ஐந்தாம் நாள் போத்தலில் அடைத்ததால் ஈஸ்ட்டுக்கு நீங்கள் அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை. இரண்டு கிழமை வாளியிலேயே விடுங்கள். குமிழி நிற்பது சரியான அடையாளமும் அன்று. மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழி நிற்கும்.

திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் நீரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பியர் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஈஸ்ட் போடும் முன் 1.045 என்று காட்டி, முடிவில் 1.011 என்று காட்டினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 0.034 ஐ 131 ஆல் பெருக்குங்கள்; ஏறக்குறைய நாலரை வீதம் மதுசாரம். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவீடுகளும் ஒன்றாக இருந்தால் நொதித்தல் முடிந்துவிட்டது என்று பொருள். அதன்பின் லீற்றருக்கு 6 கிராம் சீனி வீதம் அளந்து, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, பியரில் கலந்து அடையுங்கள். முடிவதற்கு முன்பே அடைத்தால் கொட்டாஞ்சேனை வாசகிக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும்.

அடுத்த முறை மோல்ட் சாற்றுக்குப் பதிலாகத் தானியத்திலிருந்தே தொடங்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல முடிவு. ஐந்து லீற்றருக்கு, உடைத்த பார்லி மோல்ட் ஒரு கிலோ போதும். 66 பாகைச் சூட்டில் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டால், முளைவிட்டபோது தானியத்தில் உண்டான நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக உடைத்துவிடும். 62 பாகைக்கு அருகில் வைத்தால் ஈஸ்ட் உண்ணக்கூடிய வெல்லம் கூடி, பியர் இலேசாகவும் வறண்டும் இருக்கும்; 69 இல் வைத்தால் ஈஸ்ட்டால் உண்ண முடியாதவை மிஞ்சி, வாயில் கனமாகத் தங்கும். வடித்து ஒரு மணித்தியாலம் கொதிக்கவிடுங்கள். கொதி தொடங்கும்போது போடும் 10 கிராம் ஹொப்ஸ் கசப்பைத் தரும். இறக்கும்போது போடுவது மணத்தைத் தரும். இரண்டும் ஒரே கைப்பிடியில் கிடைக்காது, ஏனெனில் கசப்புக்கு நீண்ட கொதி வேண்டும், அதே கொதியில் வாசனை ஆவியாகிவிடும்.

சுத்தத்தைப் பற்றி ஒரு வரி மட்டும். கொதித்து ஆறியபின் பியரைத் தொடும் கரண்டி, குழாய், வாளி எல்லாமே முதலில் கழுவப்பட்டு, பிறகு கிருமிநீக்கி இடப்பட்டிருக்க வேண்டும். அழுக்கு ஒட்டியிருக்கும் பாத்திரத்தில் எந்தக் கிருமிநீக்கியும் வேலை செய்யாது.

பியர்ப் போத்தல்கள் ஏன் பெரும்பாலும் கபில நிறம்?
– வாசகர், வத்தளை

ஹொப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றப் பொருளாக மாறும். மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். அதைத் தூண்டும் நீல, ஊதாக் கதிர்களைக் கபிலக் கண்ணாடி பெரிதும் தடுக்கிறது. பச்சையும் வெள்ளையும் தடுப்பதில்லை. கொழும்பு வெயிலில் தெளிந்த கண்ணாடிப் போத்தல் கெட்டுப்போகச் சில நிமிடங்களே போதும்.

பியர்த் தொழிற்சாலை முதலில் நுவரெலியாவில் தொடங்கப்பட்டது ஏன்?
– மாணவர், மட்டக்குளி

குளிருக்காகவும் நல்ல மலைத் தண்ணீருக்காகவும்தான். சிலோன் புறூவரி 1881 இல் அங்கே தொடங்கியது; இன்றைய லயன் பியரின் வேர் அதுவே. குளிரூட்டும் இயந்திரங்கள் பரவலாகாத காலத்தில், இந்த நாட்டில் பியருக்கு உகந்த வெப்பநிலையை இயற்கையாகத் தரக்கூடிய நகரம் நுவரெலியா. அதன் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவு. இப்போது தயாரிப்பு கொழும்பை அண்டிய பியகமவில் நடக்கிறது. அங்கே குளிரைத் தருவது இயந்திரம். குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் வகைப் பியரின் ஈஸ்ட்டுக்குப் பத்துப் பாகை அளவுக் குளிரையும் அதனால் தர முடிகிறது. வெப்பத்தைத் தாங்கும் ஈஸ்ட் உலகில் இல்லாமலில்லை. நோர்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காத்துவரப்பட்ட க்வைக் என்ற வகை, 35 பாகையிலும் கெட்ட மணமின்றி நொதிக்கிறது. குளிர் நாட்டிலிருந்து வெப்பம் விரும்பும் ஈஸ்ட் வந்திருப்பது படிக்கும் உங்களுக்கு மேலும் தேடிப் பார்க்க ஏற்ற விடயம்.

வீட்டுப் பியரில் மெதனோல் சேர்ந்து கண்பார்வை போய்விடும் என்கிறார்களே? கசிப்புக் குடித்து இறந்தவர்களைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் மகனை நினைத்துக் கவலையாக இருக்கிறது.
– ஒரு தாய், மட்டக்குளி

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் இரண்டும் வேறு வேறு. மெதனோல் முக்கியமாகப் பழங்களில் இருக்கும் பெக்ரின் என்ற பொருளிலிருந்து உண்டாகிறது. பார்லியில் அது மிகச் சொற்பம் என்பதால், ஒழுங்காக நொதித்த பியரில் உடலுக்குத் தீங்கு தரும் அளவு மெதனோல் உண்டாவதில்லை. கெட்டுப்போன பியர் புளிக்கும், நாறும். அதனால் கண் போகாது. உங்கள் மகன் பியர் மட்டும் செய்கிறார் என்றால் போத்தல் வெடிப்பதைப் பற்றித்தான் நீங்கள் எச்சரிக்க வேண்டும். அளவுக்கு மீறிக் குடிப்பதைப் பற்றி எச்சரிப்பதும் தாயின் உரிமை.

கூட்டமாக உயிர்கள் போகும் சம்பவங்களில் பெரும்பாலும் காரணம், கைத்தொழில் பாவனைக்கான மெதனோலை யாரோ மதுவில் கலந்து விற்பதே. கசிப்பை யார், எதைக் கொண்டு, எந்தப் பாத்திரத்தில் வடித்தார்கள் என்பது குடிப்பவருக்குத் தெரியாது. நிறத்திலோ மணத்திலோ மெதனோலைக் கண்டுபிடிக்கவும் முடியாது. இன்னொரு விடயத்தை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். மெதனோல் உடனே தாக்குவதில்லை. ஈரல் அதைப் போமிக் அமிலமாக மாற்றியபின்தான் நஞ்சு வேலை செய்யத் தொடங்கும். அதற்கு அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஆகலாம். குடித்த மறுநாள் கண் மங்குதல், கடுமையான தலையிடி, வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு எதுவானாலும், வெறி இறங்கவில்லை என்று படுக்கவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. நேரத்துக்குக் கொடுத்தால் உயிரையும் கண்ணையும் காப்பாற்றலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையமும் இருக்கிறது.

பார்லி இங்கே விளைவதில்லை. குரக்கனை முளைகட்டி மோல்ட் செய்யலாமா? மது வேண்டாம், சத்தான பானமாக.
– வாசகி, வெள்ளவத்தை

தாராளமாகச் செய்யலாம். தானியங்களில் குரக்கன் நல்ல மோல்ட் தரும் வகை. கிழக்காபிரிக்காவில் குரக்கன் மோல்ட்டில் பியரே செய்கிறார்கள். நம் வீடுகளிலும் குழந்தைகளுக்கு முளைகட்டிய குரக்கன் மாவைக் காய்ச்சிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது.

அரை கிலோ குரக்கனை மண் போகக் கழுவி, ஓர் இரவு ஊறவிடுங்கள். இடையில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வடித்து, ஈரத் துணியில் விரல் அகலத்துக்குப் பரப்பி மூடி வைத்தால், கொழும்பு வெக்கையில் ஒன்றரை நாளில் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். முளை தானியத்தைப்போல் இருமடங்கு நீளம் வரும்வரை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துக் கிளறிவிடுங்கள். பிறகு நல்ல வெயிலில் மொறுமொறுப்பாகும்வரை உலர்த்தி, முளையைத் தேய்த்து உதிர்த்துப் புடைத்து, மெல்லிய தீயில் மணம் வரும்வரை மட்டும் வறுத்து அரையுங்கள். இரண்டு தேக்கரண்டி அளவை வறுக்காமல் தனியே அரைத்து எடுத்துவையுங்கள். வறுத்தால் நொதியம் அழிந்துவிடும்.

அந்த வறுக்காத மாவு என்ன செய்யும் என்று பாருங்கள். சாதாரண குரக்கன் மாவில் கரண்டி நிற்கும் அளவு தடித்த கஞ்சியாகக் காய்ச்சி இறக்கி, கை பொறுக்காத, ஆனால் கொதிக்காத சூட்டுக்கு ஆறவிடுங்கள். வறுக்காத முளைமாவில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கிளறுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. சில நிமிடங்களில் கரண்டியில் பிடிப்பு விட்டு, கஞ்சி இளகி, ஊற்றக்கூடிய பதத்துக்கு வந்துவிடும். சீனி போடாமலே நாக்கில் இலேசாக இனிக்கும். பியர்த் தொழிற்சாலையின் பெரிய கொப்பரையில் பார்லிக்கு நடப்பதும் இந்த மாற்றமே. இளகிய கஞ்சியை மீண்டும் ஒரு கொதி கொதிக்கவிட்டு இறக்கி, தேங்காய்ப் பாலும் பனங்கட்டியும் சேர்த்துக் குடிக்கலாம். வறுக்காத மாவில் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் அந்தக் கடைசிக் கொதியை விட்டுவிட வேண்டாம்.

முளைகட்டும்போது பூஞ்சணம் பிடிப்பதுதான் இங்கே பெரிய தொல்லை. மழை நாட்களில் தொடங்காதீர்கள். பச்சையோ கறுப்போ பூத்த தானியத்தைக் கழுவிப் பயன்படுத்த முயலாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்; அந்த நஞ்சு வறுத்தாலும் போகாது. நன்றாக உலர்ந்த மாவைக் காற்றுப் புகாத போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மாதம் வரை பயன்படுத்தலாம்.